கருகும் திரி: கிளிசரின் போன கதையும் வந்த கதையும்

மின்சிகரெட் இழுப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரே புகார் திரும்பத் திரும்ப வரும்: கருகல் ருசி. இழுத்த மாத்திரத்தில் தொண்டையில் தீஞ்ச காரம் இறங்கும், கண்ணில் நீர் முட்டும், அப்புறம் ரொம்ப நேரத்துக்கு டீ குடித்தாலும் கருகின துணியின் ருசிதான். ஏன் இப்படி என்று கேட்டால் "காயில் போயிடுச்சு" என்பார்கள். காயில் என்பது வெறும் கம்பிச் சுருள். அது அவ்வளவு சீக்கிரம் போகாது. போவது அதன் நடுவே செருகியிருக்கும் பஞ்சுத் திரி.

சாதனத்தின் கட்டமைப்பு ரொம்ப எளிமை. ஒரு பேட்டரி, ஒரு கம்பிச் சுருள், சுருளுக்குள் ஒரு திரி, திரியின் இரண்டு முனையும் மூழ்கியிருக்கும் ஒரு திரவம். பொத்தானை அழுத்தினால் சுருள் சூடாகும், திரியில் ஊறியிருக்கும் திரவம் ஆவியாகும், அதை இழுப்பார்கள். ஆவியான இடத்துக்குப் பக்கத்திலிருந்து புதுத் திரவம் ஊறி வரவேண்டும். வந்தால் சரி. வரத் தாமதமானால் சூடு திரியைத் தின்னத் தொடங்கும். கருகல் ருசியின் முழு விளக்கமும் இவ்வளவுதான்.

வேப்பிங்குக்கு வக்காலத்து வாங்க இதை எழுதவில்லை. தமிழ்நாட்டில் 2018லேயே இதற்குத் தடை வந்துவிட்டது. 2019ல் மத்திய அரசின் சட்டம் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, சேமிப்பு, விளம்பரம் எல்லாவற்றையும் சேர்த்து மூடிவிட்டது. எனக்குப் புகைப்பழக்கம் இல்லை. என் ஆர்வம் திரி மேல். எண்ணெய் வருவதற்குள் திரி கருகிப்போகும் இந்தச் சிக்கலோடு மனிதர்கள் பல ஆயிரம் ஆண்டுகளாக மல்லுக்கட்டி வந்திருக்கிறார்கள். அதில் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பா ஒரு பெரிய வெற்றியையும் பெற்றது. 21ஆம் நூற்றாண்டில் அந்த வெற்றியைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுவிட்டோம். அதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் திரி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். பள்ளியில் நுண்புழை ஏற்றம் என்று படித்திருப்போம். நூலிழைகளுக்கு நடுவே இருக்கும் சந்துகளில் திரவம் ஒட்டிக்கொண்டு மேலேறும். சந்து எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் ஏறும் என்பதை ஜேம்ஸ் ஜூரின் 1718ல் கண்ணாடிக் குழாய்களை வைத்துக் காட்டினார். (ஐன்ஸ்டீனின் முதல் ஆய்வுக் கட்டுரையும், 1901ல், நுண்புழை விளைவு பற்றியதுதான். அதைப் பின்னாளில் அவரே பெரிதாக மதிக்கவில்லை என்பது வேறு.) உயரம் மட்டும் போதாது, வேகமும் வேண்டும். வேகக் கணக்கை எட்வர்ட் வாஷ்பர்ன் 1921ல் போட்டார். குறுகலான சந்தில் திரவம் உயரமாக ஏறும், ஆனால் மெதுவாக ஏறும். அதோடு தூரம் கூடக்கூட வேகம் படுத்துவிடும். முதல் சென்டிமீட்டருக்கு ஒரு நிமிடம் பிடித்தால் இரண்டாவது சென்டிமீட்டரை எட்டும்போது நான்கு நிமிடம் ஆகியிருக்கும், மூன்றாவதற்கு ஒன்பது. திரவம் கெட்டியாக, பாகு மாதிரி இருந்தால் இன்னும் மோசம்.

இதனால் இறுக்கித் திரித்தால் உயரம் கிடைக்கும், வேகம் போகும். தளர்த்தி விட்டால் வேகம் கிடைக்கும், உயரம் போகும். இரண்டையும் ஒரே திரியில் பெற முடியாது. விளக்கு செய்தவர்கள் எல்லோரும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் திண்டாடினார்கள்.

நம் அகல் இதற்குக் கண்ட வழி அலாதியானது. ஏற்றமே வேண்டாம் என்று வைத்துவிட்டது. திரி எண்ணெயிலேயே படுத்துக் கிடக்கும், முனை மட்டும் விரற்கடை அளவு வெளியே நீட்டியிருக்கும். எண்ணெய் பயணம் செய்யவேண்டிய தூரம் அந்த விரற்கடைதான். ஆமணக்கெண்ணெய்க்கு நாம் விளக்கெண்ணெய் என்றே பெயர் வைத்திருக்கிறோம். எண்ணெய்களிலேயே கெட்டியான ரகம் அது, பாகுத்தன்மையில் கிளிசரினுக்குப் பக்கத்தில் நிற்கும். அப்படிப்பட்ட எண்ணெயிலும் அகல் எரிகிறதென்றால் காரணம் அந்தக் குறைந்த தூரம். ஆனாலும் எண்ணெய் இறங்க இறங்கத் தூரம் கூடும், முனை கருகும். அதனால்தான் தூண்டுகோல். திரியைத் தூண்டிவிடுவது என்றால் கருகின முனையைத் தட்டிவிட்டு ஊறின திரியை முன்னுக்குத் தள்ளுவது. சோழர் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்கு 90 ஆடு, 96 ஆடு என்று விட்டுக்கொடுத்த கணக்கு வருகிறதே, அந்த நெய் நாளுக்கு உழக்கு. நெய்யைக் கணக்கெழுதி வைத்தார்கள். ராவெல்லாம் விழித்திருந்து திரியைத் தூண்டிய கைகளும் அந்த ஏற்பாட்டில் ஒரு பங்குதான்.

ஐரோப்பாவுக்குப் போவோம். அங்கே ஏழைகளின் வெளிச்சம் மாட்டுக்கொழுப்பு மெழுகுவர்த்தி. தேன்மெழுகு பணக்காரர்களுக்கும் தேவாலயங்களுக்கும். கொழுப்பு வர்த்தியில் இரண்டு தொல்லை. ஒன்று, திரித்த நூலால் செய்த திரி சுடரின் நட்டநடுவே விறைத்து நிற்கும். சுடரின் உள்ளே காற்று போகாது. காற்றில்லாத இடத்தில் திரி முழுசாக எரிந்து சாம்பலாகவும் முடியாது, கருகிக் கரிக்கொண்டையாக நின்றுவிடும். அந்தக் கொண்டை வளர வளர வெளிச்சம் மங்கும், புகை கக்கும். அடிக்கடி அதைக் கத்தரித்துவிட வேண்டும். இதற்கென்றே பெட்டி வைத்த தனிக் கத்தரிக்கோல் வீட்டுக்கு வீடு இருந்தது. நாடக அரங்குகளில் இதைச் செய்யவே ஆள் வைத்திருந்தார்கள்.

இரண்டாவது தொல்லை நாற்றம். கொழுப்பு வர்த்தியை அணைத்தால் சிவந்த திரிமுனையில் மிச்சக் கொழுப்பு காய்ந்து ஒரு காரமான வாடை எழும். லண்டனில் நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பெப்பிஸ் 1664 டிசம்பரில் தன் அலுவலக அறையில் தேன்மெழுகு வர்த்தியை ஏற்றத் தொடங்கினார். செலவு எவ்வளவு ஆகிறது, கொழுப்பு வர்த்தியின் புகை மாதிரி இதுவும் தொந்தரவு செய்கிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம் என்று குறித்து வைத்திருக்கிறார்.

அந்த வாடை எங்கிருந்து வந்தது? கொழுப்பின் மூலக்கூறு என்பது ஒரு கிளிசரின் முதுகெலும்பில் மூன்று கொழுப்பு அமிலங்கள் தொங்குவது. சூடு அதிகமானால் கிளிசரின் பகுதி நீரை இழந்து அக்ரோலின் என்ற பொருளாக மாறும். வாணலியில் எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்து புகையும்போது கண் எரிகிறதே, அதே அக்ரோலின்தான். பெர்ஸீலியஸ் 1839ல் இந்தப் பெயரை வைத்தார், காரமான எண்ணெய் என்கிற பொருளில். முதல் உலகப் போரில் பிரெஞ்சுக்காரர்கள் இதைக் கண்ணெரிச்சல் ஆயுதமாகவே குண்டுகளில் அடைத்தார்கள். நம் ஊரில் கிளிசரின் என்றால் சினிமாக் கண்ணீர் ஞாபகம் வரும். தீய்ந்த கிளிசரின் வரவழைக்கும் கண்ணீர் நடிப்பல்ல.

கிளிசரினை முதலில் பிரித்தவர் ஸ்வீடன் மருந்தாளர் கார்ல் ஷீலே. ஆலிவ் எண்ணெயை ஈய ஆக்சைடோடு காய்ச்சினார், 1779ல், இனிப்பான ஒரு பாகு மிஞ்சியது. அதை ஆராய்ந்து, பெயரும் வைத்து, கொழுப்பின் அமைப்பையே விளக்கியவர் பிரான்சின் மிஷெல் ஷெவ்ருல். (102 வயது வரை வாழ்ந்தவர். பிரெஞ்சுப் புரட்சியைப் பிள்ளைப் பிராயத்தில் பார்த்தவர், ஐஃபல் கோபுரத்தையும் பார்த்துவிட்டுத்தான் போனார்.) கொழுப்பிலிருந்து கிளிசரினை நீக்கிவிட்டால் மிஞ்சும் ஸ்டியரிக் அமிலம் கெட்டியாக, வெள்ளையாக, வாடையில்லாமல் எரியும் என்று கண்டார். கே-லுசாக்கோடு சேர்ந்து 1825ல் காப்புரிமையும் வாங்கினார். வியாபாரம் படுத்துவிட்டது. 1830களில் தெ மில்லி என்பவர் சுண்ணாம்பை வைத்து மலிவாகச் செய்யும் வழியைக் கண்ட பிறகுதான் அது ஓடியது.

அதே 1820களில் காம்பாசரெஸ் என்ற பிரெஞ்சுக்காரர் திரியின் பக்கத்தையும் தீர்த்தார். நூலைத் திரிப்பதற்குப் பதிலாகப் பின்னினார், சடை பின்னுவது மாதிரி. பின்னிய திரி எரியும்போது ஒரு பக்கமாக வளையும். வளைந்த முனை சுடருக்கு வெளியே காற்றில் நீட்டிக்கொண்டு தானாகவே எரிந்து சாம்பலாகிவிடும். கத்தரிக்கோல் வேலை முடிந்தது. இன்று நாம் பத்து ரூபாய்க்கு வாங்கும் மெழுகுவர்த்தியின் திரியைப் பிரித்துப் பாருங்கள், பின்னல் தெரியும்.

இங்கிலாந்தில் பிரைஸ் கம்பெனி இதே பாதையில் நடந்தது. அவர்களுடைய முதல் சரக்கு தேங்காய் எண்ணெய். அதற்காக இலங்கையில் தென்னந்தோட்டமே வாங்கிப் போட்டிருந்தார்கள். 1840ல், விக்டோரியா ராணியின் கல்யாண சமயத்தில், தேங்காய்க் கொழுப்பின் கெட்டிப் பகுதியையும் ஸ்டியரிக் அமிலத்தையும் கலந்து, கத்தரிக்கத் தேவையில்லாத வர்த்தியை விற்றார்கள். ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்குள் மெழுகுவர்த்தி என்ற சாமானின் இரண்டு பழைய பழியும் தீர்ந்தது. கரிக்கொண்டை போயிற்று, கண்ணெரிச்சல் போயிற்று. வெளியே தள்ளிய கிளிசரினை ஆரம்பத்தில் என்ன செய்வதென்றே தெரியாமல் கழிவாக விட்டார்கள். 1850களில் அதை வடித்துச் சுத்தமாக்கி மருந்துக்கு விற்றார்கள். பிறகு நோபெல் அதை வெடிமருந்தாக்கினார், 1867. அந்தக் கதைக்குள் போனால் திரும்ப முடியாது.

*

வர்த்தி ஒரு பக்கம், எண்ணெய் விளக்கு இன்னொரு பக்கம். ஜெனீவாக்காரர் அமி ஆர்கண்ட் 1780ல் திரியைக் குழாய் வடிவில் நெய்து, நடுவிலும் வெளியிலும் காற்று போகவிட்டு, மேலே கண்ணாடிச் சிம்னியை வைத்தார். ஒரே சுடரில் பல வர்த்திகளின் வெளிச்சம். ஆனால் அவ்வளவு வெளிச்சம் என்றால் அவ்வளவு எண்ணெய் திரிமுனைக்கு வந்தாக வேண்டும். அன்றைய எண்ணெய் கடுகினத்தைச் சேர்ந்த கோல்ஸா விதையெண்ணெய், நல்ல கெட்டி. கீழே தொட்டி வைத்தால் ஏறி வராது. அதனால் தொட்டியைப் பக்கவாட்டில், சுடருக்குச் சமமான உயரத்தில், தலைகீழாகக் கவிழ்த்த பாட்டில் மாதிரி வைத்தார்கள். கோழிக்குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைக்கும் கவிழ்த்த டப்பா பார்த்திருப்பீர்கள், அதே தத்துவம். கீழே மட்டம் குறைந்தால் ஒரு காற்றுக்குமிழி உள்ளே போகும், அந்த அளவுக்கு எண்ணெய் வெளியே வரும். குமிழி போக வழியில்லையென்றால் எண்ணெயும் வராது. இந்தக் குமிழியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பாரிஸ் கடிகாரத் தொழிலாளி கார்செல் 1800ல் இன்னும் ஒரு படி மேலே போனார். விளக்கின் அடியில் சாவி கொடுக்கும் கடிகாரப் பொறியும் ஒரு சிறிய பம்பும் வைத்துவிட்டார். பம்பு எண்ணெயை எரிவதற்குத் தேவையானதைவிட அதிகமாகவே திரிமுனைக்கு ஏற்றும். மிச்சம் வழிந்து தொட்டிக்கே திரும்பும். எண்ணெய் சதா குளிப்பாட்டிக்கொண்டே இருப்பதால் திரி கருகவே கருகாது. சுடர் அவ்வளவு நிதானமாக நின்றதால், மணிக்கு 42 கிராம் எண்ணெய் எரிக்கும் கார்செல் விளக்கின் வெளிச்சத்தையே பிரான்சில் ஒளியை அளக்கும் அலகாக வைத்துக்கொண்டார்கள். திரி வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பொறி இதுதான். கருகலுக்குத் தீர்வு திரியில் இல்லை, வரத்தில் இருக்கிறது என்று முழுசாகப் புரிந்துகொண்ட மனுஷன்.

இவ்வளவு சாமர்த்தியமும் 1860களில் ஒரேயடியாக வேண்டாததாகிப் போயிற்று. மண்ணெண்ணெய் வந்தது. தண்ணி மாதிரி இளகின எண்ணெய், சாதாரண நாடாத் திரியிலேயே சரசரவென்று ஏறிவிடும். தொட்டியைக் கீழே வைத்தால் போதும். அரிக்கேன் விளக்கும் திரி ஸ்டவ்வும் நம் வீடுகளுக்குள் வந்தது இதனால்தான். அவற்றிலும் எண்ணெய் தீர்ந்தது தெரியாமல் விட்டால் திரி எரியும், வீடெல்லாம் நாறும். புதுத் திரி போட்டால் உடனே பற்றவைக்காமல் ஊறவிட வேண்டும் என்று அம்மாக்களுக்குத் தெரியும். பெட்ரோமாக்ஸில் திரியே கிடையாது, காற்றழுத்தமும் மேன்டிலும்தான். மேன்டில் பற்றிக் கவுண்டமணி புண்ணியத்தில் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதற்குப் பின்னால் மின்விளக்கு. திரி கோயிலுக்கும் கொசுவிரட்டித் திரவப் புட்டிக்கும் ஒதுங்கிக்கொண்டது.

*

சீனாவின் ஷென்யாங்கைச் சேர்ந்த மருந்தாளர் ஹான் லிக் 2003ல் தன் மின்சிகரெட்டுக்குக் காப்புரிமை கோரினார். அவர் தந்தை நுரையீரல் புற்றுநோயில் இறந்தவர், அவரும் கடுமையான புகைபிடிப்பாளர். அடுத்த ஆண்டு 'ரூயான்' என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. புகை போல என்று அர்த்தம். அமெரிக்காவில் ஹெர்பர்ட் கில்பர்ட் 1965லேயே புகையிலை இல்லாத புகையற்ற சிகரெட்டுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார், ஆனால் அதை யாரும் சந்தைக்குக் கொண்டுவரவில்லை. ஹான் லிக் முதலில் மீயொலி அதிர்வால்தான் திரவத்தைப் பொடித்தார். அடுத்தடுத்து வந்தவை சூடான கம்பிக்கு மாறின.

சூடான கம்பி என்றதும் திரவத்தை அதனிடம் கொண்டுபோக ஏதாவது வேண்டும். திரி திரும்பி வந்தது. எரியாமல், கண்ணுக்குத் தெரிகிற புகை மாதிரி எழும்ப ஒரு திரவம் வேண்டும். மேடைப் புகை மெஷின்களில் பயன்படும் அதே வகைப் பொருள்கள் கைக்குக் கிடைத்தன: புரோபிலீன் கிளைகால், கிளிசரின். நல்ல அடர்த்தியான வெள்ளைப் புகை தருவது கிளிசரின்.

இங்கேதான் எனக்குச் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது. ஷெவ்ருலும் தெ மில்லியும் பிரைஸ் கம்பெனியும் அரை ஆயுள் பாடுபட்டுத் திரியிலிருந்து துரத்திய பொருள், 170 ஆண்டு கழித்து மறுபடி ஒரு பஞ்சுத் திரியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதுவும் இந்த முறை அறையின் மூலையில் எரியும் வர்த்தியில் அல்ல, உதட்டுக்கு இரண்டு அங்குலத்தில்.

கணக்கைப் பாருங்கள். புரோபிலீன் கிளைகால் 188 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், கிளிசரின் 290ல். கலவை இரண்டுக்கும் நடுவில் எங்கோ. திரி ஈரமாக இருக்கும்வரை கம்பி எவ்வளவு சக்தி கொடுத்தாலும் அது ஆவியாக்குவதிலேயே செலவாகும், சூடு கொதிநிலையைத் தாண்டி அதிகம் ஏறாது. பாத்திரத்தில் பால் இருக்கும்வரை பாத்திரம் தீயாது என்பது போல. ஈரம் வற்றினால் அடிபிடிக்கும். பருத்தி 200ஐத் தாண்டினாலே பழுக்கத் தொடங்கிவிடும், இன்னும் கொஞ்சம் ஏறினால் கருகிவிடும். கம்பியோ சில நொடிகளில் பல நூறு டிகிரிக்குப் போகக்கூடியது. ஆக, பருத்திக்கும் கருகலுக்கும் நடுவே இருப்பது ஒரு ஈரப் படலம். அந்தப் படலத்தைப் புதுப்பிக்க வேண்டிய கிளிசரினோ அறை வெப்பத்தில் தண்ணீரைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு பாகு. புரோபிலீன் கிளைகாலைவிட இருபது மடங்குக்குக் குறையாது. குளிர் நாட்டில் ஜனவரி மாதம் கருகல் புகார் கூடினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆரம்ப காலச் சாதனங்களில் உலோக நுரையும் கண்ணியும் திரியாக இருந்தன. பிறகு கம்பியைச் சுற்றிப் பாலியெஸ்டர் பஞ்சை அடைத்துவிட்ட சின்ன உருளைகள் வந்தன. காய்ந்தால் பிளாஸ்டிக் தீயும் வாடை. அடுத்து சிலிக்கா கயிறு. கண்ணாடி இழை மாதிரி, எரியாது. எரியாத திரி கிடைத்துவிட்டதே, பிரச்சினை தீர்ந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். தீரவில்லை. திரி எரியாவிட்டால் என்ன, அதில் வற்றிய கிளிசரினும் வாசனைப் பொருளும் எரியும். கருகல் என்பது திரியின் குற்றமல்ல, வரத்தின் குற்றம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். சிலிக்கா இழை துகள் நுரையீரலுக்குப் போகுமோ என்ற பயமும் சேர்ந்தது. 2013 வாக்கில் ஆட்கள் தாங்களே காயிலைச் சுற்றி, மருந்துக்கடைப் பஞ்சை உருட்டிச் செருக ஆரம்பித்தார்கள். அகல் திரி உருட்டின விரல்களின் வேலை, வேறு எங்கோ, வேறு யாரோ மறுபடி கற்றுக்கொண்டார்கள்.

அப்படிக் கற்றவர்கள் கண்டுகொண்டவை எல்லாம் பழைய விளக்குக்காரர்களுக்குத் தெரிந்தவைதான். பஞ்சைச் சுருளுக்குள் இறுக்கித் திணித்தால் வேகம் செத்துக் கருகும். ரொம்பத் தளர்வாக விட்டால் கம்பியைத் தொடாத இடத்தில் கம்பி மட்டும் காயும், மறுபக்கம் திரவம் பொங்கி வாய்க்குள் வரும். (மெழுகுவர்த்தியைத் தலைகீழாகப் பிடித்தால் உருகின மெழுகு அளவுக்கு மீறி ஓடித் திரியை அணைத்துவிடும் என்று ஃபாரடே தன் கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளில் குழந்தைகளுக்குச் சொன்னதும் இதன் மறுபக்கம்தான்.) புதுக் காயில் போட்டால் ஐந்து பத்து நிமிடம் ஊறவிட வேண்டும், அரிக்கேன் திரியைப் போல. தொடர்ந்து இழுத்தால் வரத்து ஈடுகொடுக்காது, இடைவெளி விடவேண்டும். தொட்டி நிறைய திரவம் இருந்தும் காய்கிறதென்றால் காற்றுக்குமிழி உள்ளே போக வழியில்லை என்று அர்த்தம். திரவம் வெளியேறிய அளவுக்குக் காற்று உள்ளே போகாவிட்டால் உள்ளே வெற்றிடம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பஞ்சு துவாரத்தை இறுக அடைத்திருக்கும். மூடியைத் திறந்து மூடினால் சரியாகிவிடும். ஆர்கண்டின் கவிழ்த்த பாட்டில் இதுதான்.

கார்செலும் திரும்பி வந்தார், தன் பெயர் தெரியாமலே. காயிலுக்குக் கீழே ஒரு மெத்தென்ற புட்டி. கட்டைவிரலால் அமுக்கினால் திரவம் பொங்கித் திரியை நனைக்கும், விட்டால் மிச்சம் புட்டிக்கே வடிந்துவிடும். கடிகாரப் பொறிக்குப் பதில் கட்டைவிரல், மற்றபடி 1800ன் விளக்கேதான்.

இனிப்புச் சேர்த்த திரவங்கள் தனித் தலைவலி. சுக்ரலோஸ் போன்றவை ஆவியாகாது. கம்பியில் பாகாய்ப் படிந்து கருகி, மேலோடு போல மூடிக்கொள்ளும். அடியில் சர்க்கரைப் பாகு பிடித்த வாணலியைத் தேய்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். அந்த ஓட்டைத் தாண்டித் திரவமும் வராது, சூடும் சீராகப் பரவாது. எவ்வளவு நல்ல பஞ்சு வைத்தாலும் பயனில்லை.

2014ல் ஒரு அமெரிக்க நிறுவனம் வேறு கோணத்தில் யோசித்தது. நிக்கல் கம்பியின் மின்தடை சூடு ஏற ஏற ஒழுங்காகக் கூடும். அதை அளந்துகொண்டே இருந்தால் கம்பியின் வெப்பம் தெரியும், வரம்பைத் தாண்டும் முன் சக்தியைக் குறைத்துவிடலாம். திரி காய்ந்தாலும் பஞ்சு கருகாது. சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஆட்கள் உலர்ந்த பஞ்சை வைத்தே பொத்தானை அழுத்திப் பார்த்தார்கள். பஞ்சு வெள்ளையாகவே இருந்தால் தேறிவிட்டது. தூண்டுகோல் பிடித்த கையின் வேலையை ஒரு சில்லு செய்தது என்று சொல்லலாம்.

*

ருசியைப் பற்றிய வம்பு ஆய்வகத்துக்குள் நுழைந்தது 2015ல். ஜனவரியில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் போர்ட்லாந்து மாநிலப் பல்கலைக்கழகத்து வேதியியலாளர்களின் ஒரு கடிதம் வந்தது. 3.3 வோல்ட்டில் ஃபார்மால்டிஹைடு சார்ந்த பொருள்கள் தென்படவில்லை, 5 வோல்ட்டில் ஏராளமாகக் கண்டோம் என்றார்கள். நீண்ட நாள் இழுத்தால் சிகரெட்டைவிடப் பல மடங்கு புற்றுநோய் அபாயம் என்று கணக்கும் போட்டிருந்தார்கள். செய்தித்தாள்களெல்லாம் அதைத் தலைப்பாக்கின. அதே ஆண்டு கிரேக்க இதய மருத்துவர் ஃபார்சலினோஸும் குழுவினரும் பதில் எழுதினார்கள். அவர்கள் அனுபவமுள்ள ஆட்களிடம் சாதனத்தைக் கொடுத்து இழுக்கச் சொன்னார்கள். எந்தச் சக்தியில் கருகல் ருசி வருகிறது என்று அவர்களே சொல்ல வேண்டும். ஆல்டிஹைடு எகிறியது அந்தக் கருகல் நிலையில் மட்டும்தான். மனுஷன் அந்த இழுப்பை இருமித் துப்பிவிடுவான், ஆய்வகத்துப் பம்புக்கு நாக்கு கிடையாது, அது பாட்டுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும் என்பது அவர்கள் வாதம்.

வாதத்தில் நியாயம் இருக்கிறது. சமையல்காரனுக்கு மூக்கில்லையென்றால் எல்லாக் குழம்பும் ஒன்றுதான். ஆனால் நாக்கை மட்டும் நம்பிக் காவல் வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. கருகல் திடீரென்று ஒரு கோட்டைத் தாண்டி வருவதில்லை, மெல்ல மெல்லக் கூடி வருவது. திரியின் நடு லேசாகக் காய்ந்து ஓரங்கள் ஈரமாக இருக்கும் நிலையில் நாக்குக்கு எட்டாத அளவு ஆல்டிஹைடு கிளம்பலாம். போதாததற்கு அழுத்தமான மாம்பழ வாசனையும் இனிப்பும் சேர்த்துவிட்டால் நாக்கு எதைத்தான் கண்டுபிடிக்கும்? நாக்கு பழகியும் போய்விடுகிறது. சாம்பிராணிப் புகையில் உட்கார்ந்திருப்பவனுக்கு வாடை தெரியாது, உள்ளே வருகிறவனுக்குத்தான் தெரியும்.

கருகாததெல்லாம் நல்லது என்றும் ஆகாது. 2019ல் அமெரிக்காவில் இளைஞர்கள் மூச்சுத்திணறி மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். 2020 பிப்ரவரி வரையில் 2,807 பேர், அதில் 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இழுத்தது கஞ்சாச் சத்து கலந்த எண்ணெய். அதைக் கெட்டியாக்கச் சேர்த்த வைட்டமின் இ அசிடேட்டின் மேல் முக்கியச் சந்தேகம் விழுந்தது. எந்தக் கருகல் ருசியும் அவர்களை நிறுத்தவில்லை.

இப்போது சந்தையை நிறைத்திருப்பது தூக்கிப்போடும் ரகம். பெரும்பாலும் ஷென்சென் நகரத்தின் பாவோஆன் பகுதியில் செய்து உலகெங்கும் போகிறது. தடை உள்ள நம் ஊர்ப் பெட்டிக்கடைகளிலும் திருட்டுத்தனமாகக் கிடைக்கிறது என்பது போலீஸ் பறிமுதல் செய்திகளைப் படித்தாலே தெரியும். இதில் திரியைத் தொட முடியாது, மாற்ற முடியாது, மூடியைத் திறந்து குமிழியை விட முடியாது. உள்ளே பஞ்சில் ஊறியிருக்கும் திரவம் எவ்வளவு மிச்சம் என்று பலவற்றில் பார்க்கவும் முடியாது. திரவம் தீர்ந்ததைத் தெரிந்துகொள்ள ஒரே வழி கடைசி இழுப்பு கருகுவதுதான். அதாவது இந்தப் பொருளில் கருகல் என்பது கோளாறு அல்ல, அளவுகோல். ஒவ்வொரு சாதனமும் வாங்கியவனின் தொண்டையில் ஒரு தடவையாவது அக்ரோலினை இறக்கிவிட்டுத்தான் குப்பைக்குப் போகிறது. கார்செல் விளக்கில் சாவி கொடுக்க மறந்தால் சுடர் மங்கும், அவ்வளவுதான்.

பிரிட்டன் 2025 ஜூன் 1 முதல் தூக்கிப்போடும் ரகத்தை விற்கத் தடை போட்டது. காரணமாகச் சொன்னது குப்பையில் சேரும் லித்தியம் பேட்டரிகளையும், இளம்பிள்ளைகள் பழகுவதையும். திரியைப் பற்றி யாரும் பேசவில்லை. தடை வந்ததும் அதே வடிவத்தில், அதே நிறத்தில், அடியில் ஒரு சார்ஜ் துளையும் கழற்றி மாட்டும் சின்னத் தொட்டியும் வைத்து மறு வாரமே கடையில் வைத்துவிட்டார்கள். அந்தத் தொட்டிக்குள் இருப்பது அதே பஞ்சு, அதே கிளிசரின்.